கருப்பட்டி அறை

விடுதி அலுவலகத்துக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்சு கிடந்தது. விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்கள் அதில்தான் காத்திருக்க வேண்டும். அதற்கு நேர் எதிரே, சமையலறையை ஒட்டிய அறையின் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியாக எறும்புகள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. உள்ளே போகிற எறும்புகள் ஒல்லியாக இருந்தன. வெளியே வருகிறவற்றுக்கு வயிறு பருத்து மினுங்கியது. புகையும் இனிப்பும் கலந்த வாடை அடித்தது. காத்திருக்கும் இடத்தில் கண்ணில் படுவதையெல்லாம் கவனித்து வைப்பது பழைய வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் இதையும் கவனித்தேன்.

அந்தப் பழைய வேலை மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில். முப்பத்து நான்காவது வயதில் அதை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு அரசுக் கல்லூரியில் முழுநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருந்தேன். நாட்டுப்படகுகள் கரை சேரும் இடத்தில் மீனை ஏலத்தில் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிற பெண்களைப் பற்றி ஆய்வு. அவர்கள் விடிவதற்குள் ஏலத்தை முடித்துவிடுவார்கள். வெயில் ஏறும்போது கூடையும் கையுமாகப் பஸ்ஸில் இருப்பார்கள். என் ஊர் விளாத்திகுளம் பக்கம். அங்கிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி நான் கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது, செதிலும் ஐஸ் கரைந்த தண்ணீரும் நாய்களும்தான் மிச்சமிருக்கும். நாய்களைப் பேட்டி எடுக்க முடியாது.

ஊருக்குள் வாடகைக்கு இடம் தேடினேன். தனியாக இருக்கிற பெண் என்றதும் பாதி வீடுகளின் கதவு சாத்திக்கொண்டது. விடியுமுன்னே வெளியே போவேன் என்றதும் மீதி வீடுகளும் சாத்திக்கொண்டன. ஒரு வீட்டுக்காரர் மட்டும் மரியாதையாக, "அந்நேரத்துக்கு எங்க போறிய?" என்று கேட்டார். மீன் ஏலத்துக்கு என்றேன். "படிச்ச பிள்ளைன்னு சொன்னாவளே" என்று உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார்.

ஆக, கல்லூரி விடுதியை விட்டால் வேறு வழியில்லை. என் நெறியாளர் நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். தை மாதத்துக்குள் கள வேலை தொடங்காவிட்டால், ஆய்வுக் குழுவின் முன்னால் தன்னால் எனக்காகப் பேச முடியாது என்று சொல்லிவிட்டார். பதிவு ரத்தாகும். வேலையையும் விட்டாகிவிட்டது. அந்த விடுதியில் ஒரு கட்டில் கிடைப்பதில்தான் எல்லாம் இருந்தது.

வார்டனுக்கு ஐம்பது வயது இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திப் புடவை. மேசையில் ஒரு சானிட்டைசர் புட்டி. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வாங்கி வைத்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டார். என் விண்ணப்பத்துக்கு இரண்டு சொட்டு.

"எடமே இல்லயேம்மா. பி.ஜி. பிள்ளையளே ரூமுக்கு நாலு பேரு நெருக்கிக்கிட்டுக் கெடக்கு."

"ஆய்வு மாணவிகளுக்குன்னு தனியா ஒதுக்கணும்னு விதியில இருக்கே மேடம்."

"விதியில இருக்கு. ரூம்லல்லா இல்ல."

விண்ணப்பத்தைப் புரட்டியவர் ஒரு இடத்தில் நின்றார். "கல்யாணம் ஆகல?"

"இல்ல மேடம்."

"ஆகவே இல்லயா, ஆகி இல்லயா?"

பத்திரிகையில் இருந்த வருஷங்களில் எத்தனையோ அதிகாரிகளிடம் கூச்சமில்லாத கேள்விகள் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு சாந்தமான முகத்தோடு கேட்க எனக்கு வந்ததில்லை. ஆகவே இல்லை என்று சொல்லிவிட்டு, எதிரே ஒரு அறை பூட்டிக் கிடக்கிறதே என்றேன்.

"அது ஆளு இருக்க லாயக்கில்லாத ரூம். அந்தப் பக்கம் அடுப்பு. சொவரு அனலாக் கொதிக்கும்."

"அனல் எனக்குப் பழக்கந்தான் மேடம். நான் விளாத்திகுளம்."

"நீங்க சொல்லுதிய. நாளைக்கு மயங்கி விழுந்தா பதில் சொல்லப்போறது யாரு?"

மறுபடியும் சானிட்டைசர். பேச்சு முடிந்துவிட்டது என்று புரிந்தது.

வெளியே வந்தபோது, தெற்கே ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த முதுகலை மாணவி ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து பேன் சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் வந்ததைத் தரையில் தட்டினாள். அந்த அறையில் என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன்.

"அது கருப்பட்டி ரூமுல்லாக்கா. தெரியாதா?"

"யாரோட கருப்பட்டி?"

"மேடம் வீட்டுச் சரக்கு. அவுக வீட்டய்யா உடன்குடில யாவாரம். மழைக்காலத்துல வெல ஏறும்லா, அதுவரைக்கும் இங்கன கெடக்கும்."

"யாரும் கேக்கலையா?"

"என்னத்தக் கேக்க?" என்றாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "எப்பமாது சுக்குக் காப்பிக்கு ஒரு வட்டு உடைச்சுத் தருவாக. நல்லா இருக்கும்க்கா."

ஊழல் என்றால் மறைத்து வைப்பார்கள், நாம் தோண்டி எடுக்க வேண்டும் என்பதுதான் என் பழைய தொழிலின் நம்பிக்கை. இங்கே தோண்டுவதற்கு ஒன்றுமில்லை. சமையல்காரம்மாவுக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். அலுவலக எழுத்தருக்குத் தெரியும். நாலு பேர் படுக்கிற அறையில் ஐந்தாவதாகப் பாய் விரித்துப் படுத்தவளுக்கும் தெரியும். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. சமையல்காரம்மாவிடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். அந்த அனல் மனுஷிக்கு ஆகாது, கருப்பட்டிக்கு மட்டும் ஆகுமா என்று.

"கருப்பட்டிக்கு அனல்தானம்மா வேணும். எங்க பக்கம் அடுப்புக்கு மேல பரண்ல போட்டுவைப்பாவ. பொக படப்படக் கெடக்கும், வருசமானாலும் கசியாது." கரண்டியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "மனுசி வேர்த்தா தொடச்சுக்கிடலாம். கருப்பட்டி வேர்த்தா போச்சுல்லா."

விடுதி அடுப்பு சீமைக்கருவேல விறகில் எரிந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை அது அணையாது. சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பட்டி கட்டிய ஓலைச் சிப்பங்கள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. ஒரு பரணுக்கு வேண்டிய சூடும் புகையும் அரசு விறகில் இலவசமாகக் கிடைத்தன. தொழில் தெரிந்தவர்கள் தேர்ந்தெடுத்த அறை அது. அந்த அளவுக்கு யோசித்து அந்த விடுதியில் எந்த மாணவிக்கும் அறை ஒதுக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

நான் மாதா மாதம் போய்க் கேட்டேன். ஆவணியில் இடமில்லை. புரட்டாசியில் இடமில்லை. ஐப்பசியில் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. விறகடுப்பைக் குழு பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று யாரோ சொல்ல, கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அங்கே கேஸ் அடுப்பு வைத்தார்கள். பழைய சமையலறை, தட்டு கழுவுகிற இடமாயிற்று. சுவர் ஆறிப்போனது. அதற்கும் வார்டன்தான் கையெழுத்துப் போட்டார். குழுவிடம் நல்ல பெயர் வாங்கும் அவசரத்தில், அந்தச் சுவருக்குப் பின்னால் யாருடைய சரக்கு கிடக்கிறது என்பது அவருக்கே மறந்துபோயிருக்க வேண்டும்.

அனல் போனதும் எறும்பு பெருகியது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியத்தைச் சமையல்காரம்மா எனக்குச் சொன்னார். "உப்பு கெடந்தா எறும்பு தாண்டாதுன்னு அவுக வீட்டய்யா ஆட்டோல மூட மூடயா ஏத்திட்டு வந்து, தரை பூராம் பரப்பி, அதுக்கு மேல சிப்பத்த அடுக்கிட்டாவ."

உடன்குடிச் சரக்குக்கு அடியில் தூத்துக்குடிச் சரக்கு. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் மலிவாகக் கிடைக்கிற ஊரில்தான் ஒருவருக்கு இந்த யோசனை தோன்றும். அந்த ஊரில்தான் இது தோன்றியிருக்கவும் கூடாது. அடைமழைக் காலத்தில் அடுக்களை ஜாடியில் இருக்கிற உப்பே தண்ணீர் விட்டுக்கொள்ளும். உப்பளங்களுக்கு நடுவே பிழைக்கிற ஊரில் ஒரு அறை நிறைய உப்பைப் பரப்பி, காற்று புகாமல் பூட்டி, அதன் மேல் கருப்பட்டியை அடுக்கினார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. நாலைந்து நாள் விடாமல் பெய்த பிறகு, பஸ் ஓடத் தொடங்கியதும் நான் விடுதிக்குப் போனேன். இந்தத் தடவை ஒரு முடிவு தெரியாமல் திரும்புவதில்லை என்று நினைத்துக்கொண்டு போனேன். தாழ்வாரத்தில் கால் வைத்ததும் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் பசை பிரிகிற சத்தம்.

கருப்பட்டி அறையின் கதவுக்கு அடியிலிருந்து கரும்பழுப்புப் பாகு வழிந்து, தாழ்வாரத்தில் பாதி அகலத்துக்குப் பரவியிருந்தது. பக்கத்துக் குளியலறையின் சாக்கடை மழையில் எதுக்களித்து, அந்தத் தண்ணீரும் அதோடு வந்து சேர்ந்திருந்தது. இரண்டும் கலக்கிற இடத்தில் வெளிர் பழுப்பில் நுரை. அதில் தலைமுடிச் சுருள்கள் கிடந்தன. பாகுக்குள் எறும்புகள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்ததால் அதன் மேல்பரப்பு சொரசொரப்பாக இருந்தது. ஒரு கரப்பான் இன்னும் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு பல்லி வாலை விட்டுவிட்டுத் தப்பியிருந்தது. வால் மட்டும் பாகில் நின்றது. ஈக்களின் இரைச்சல் அலுவலகத்துக்குள் வரை கேட்டது. புகை மணம் போய்விட்டது. புளித்த கள்ளும் அடைத்த சாக்கடையும் சேர்ந்த நாற்றம் தொண்டையில் இறங்கியது.

மாணவிகள் அதைத் தாண்டிப் போவதற்காகச் செங்கல் போட்டிருந்தார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செங்கலாகத் தாண்டி வந்த வார்டன் என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏம்மா மழைக்குள்ள வாரிய? எடம் வந்தா சொல்லிவிட மாட்டமா?"

அவர் செருப்பிலும் பாகு இழை இழையாக நீண்டது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது போல இருந்தார்.

அன்று மத்தியானம் முதல்வர் வந்தார். வேட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். குழு தை மாதம் பொங்கல் விடுமுறை முடிந்ததும் வருகிறது. அவர் கவலை அது ஒன்றுதான். "இதக் காலி பண்ணிருங்க மேடம்" என்றார். யார் வைத்தது, எதற்கு வைத்தது, எத்தனை காலமாக என்று ஒரு கேள்வி இல்லை. காலி செய்த பிறகு அறை வெறுமையாகக் கிடந்தால் குழு ஏன் என்று கேட்கும் என்று எழுத்தர்தான் எடுத்துக்கொடுத்தார். முதல்வர் சுற்றுமுற்றும் பார்த்தார். பெஞ்சில் நான் இருந்தேன்.

"நீங்க ரிசர்ச் ஸ்காலர்தான? ஆஸ்டல் கேட்டிருக்கீங்களா?"

"ஆடியிலேயே கேட்டேன் சார்."

"பின்ன என்ன. ஆளும் ஆச்சு."

எனக்கு அறை கிடைத்தது இப்படித்தான். விதி கேட்டபோது கிடைக்காதது, தேவை கேட்டபோது கிடைக்காதது, அந்த அறைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டதும் கிடைத்தது. அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வாயில் ஒரு கசப்பு ஊறியது. அந்தக் கசப்போடு, சரி என்றேன்.

அதற்குப் பிறகும் மார்கழி முழுக்க இழுத்தார்கள். விடியுமுன்னே கேட்டைத் திறந்துவிட அனுமதி கேட்டதற்கு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லை என்றேன். அப்படியானால் ஆண் பாதுகாவலர். என்னை விட ஐந்து வயது இளையவனான என் தம்பி, என் நடத்தைக்குத் தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினான். போனில் சிரிப்பு அடங்கவில்லை அவனுக்கு.

"யக்கா, ஒன் நடத்தைக்கு நாந்தான் பொறுப்பாம். ஒழுங்கா இருந்துக்கோ. ஒன்னால என் பேரு கெட்றக் கூடாது."

"நீ சின்ன வயசுல பண்ணுனதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன்லா, அதுக்கு இது சரியாப் போச்சு" என்றேன்.

அந்த இழுபறி நாட்களில் ஒருநாள்தான் அதைப் பார்த்தேன். அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். உருகாமல் மிஞ்சிய சிப்பங்கள் ஒரு வண்டியில் போய்விட்டன. தரையில் கிடந்த பாகையும் பாதி கரைந்த வட்டுகளையும், தாழ்வாரத்தில் இறுகிப்போயிருந்ததையும், இரண்டு ஆட்கள் சிமெண்டுச் சட்டியால் வழித்து அள்ளினார்கள். கழிவு என்றுதான் நினைத்தேன். பின்பக்கம் கொட்டகைக்குப் போனபோது, சமையல்காரம்மா அதை அண்டாவில் போட்டுத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஒரு பழைய பாவாடைத் துணியில் வடிகட்டி நீல பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார். துணியில் தங்கியதைச் சுவரோரம் தட்டினார். எறும்பு, முடி, சிமெண்டுக் காரை, ஒரு ஹேர்பின்.

"இது எதுக்கும்மா?"

"மேடம் எடுத்து வைக்கச் சொன்னாக."

"மாட்டுக்கா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "காய்ச்சினா எல்லாம் போயிரும்மா" என்றார்.

போகியன்று காலையில் எனக்குச் சாவி கொடுத்தார்கள். அறையைக் கழுவிவிட்டதாகச் சொன்னார்கள். சுவரில் இடுப்பு உயரம் வரை பழுப்புக் கறை. விரலை வைத்தால் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்துப் பார்க்காமலே அது இனிப்பும் உப்பும் என்று தெரிந்தது. சுரண்ட எடுத்த தோசைத் திருப்பி சுவரோடு ஒட்டிக்கொண்டது. தரையின் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கட்டில் காலடியில் தண்ணீர்க் கிண்ணங்கள் வைத்தேன். அரைமணி நேரத்தில் நாலு கிண்ணத்திலும் எறும்பு மிதந்தது. கடற்கரை ஊர்க்காரி ஒரு வாளி வெந்நீரும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு வந்து, நான் கேட்காமலே கூடக் கழுவினாள்.

"ஆஸ்டல்லயே இனிப்பான ரூமு ஒங்களுக்குத்தான்க்கா" என்றாள்.

"உனக்கு வேணும்னா மாத்திக்கிடலாம்."

"மாதாவே, வேண்டாம். எங்க ரூம்ல பேனு மட்டுந்தான்."

அன்று சாயங்காலம் விடுதி முற்றத்தில் பொங்கல் விழா. எல்லாரும் ஊருக்குப் போகுமுன்னே வருஷா வருஷம் வைப்பது. முதல்வர், பேராசிரியர்கள், பட்டுப்பாவாடையும் புடவையுமாக மாணவிகள். பொங்கி வழிந்தபோது குலவை போட்டார்கள். எழுத்தர் மைக்கைப் பிடித்து, இந்த ஆண்டுப் பொங்கலுக்கு வெல்லம் வாங்கவில்லை, முழுக்க முழுக்கக் கலப்படமில்லாத உடன்குடிக் கருப்பட்டி, நம் வார்டன் மேடம் இல்லத்தின் அன்பளிப்பு என்றார். கைதட்டல். வார்டன் எழுந்து கும்பிட்டார். முதல்வர் அவருக்கு ஒரு துண்டு போர்த்தினார்.

வாழையிலை வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் இலையில் பொங்கல் விழுந்தது. கன்னங்கரேலென்று, நெய் மினுங்க, மேலே முந்திரியோடு. பக்கத்தில் கடற்கரை ஊர்க்காரி ஒரு வாய் எடுத்துப் போட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா, உப்புக் கரிக்கி?"

அதற்கு எதிர்வரிசையில் ஒருத்தி, "கடலுக்குள்ள கெடந்தவளுக்கு எல்லாம் உப்பாத்தான்ளா இருக்கும்" என்று கிண்டல் செய்தாள். பிறகு தானும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்தாள்.

பைக்குள் சாவி இருந்தது. அதை வாங்கி ஒரு பகல்கூட ஆகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இலையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தால் அறை எனக்கு, கடற்கரை எனக்கு, ஆய்வு எனக்கு. எதிரே ஒருத்தி மறுபடியும் போடச் சொல்லி இலையை நீட்டிக்கொண்டிருந்தாள். முதலாண்டுப் பெண். காய்ச்சல் வந்து கிடந்து அன்றுதான் எழுந்து வந்தவள்.

"சாப்பிடாதம்மா" என்றேன். "இது அந்த ரூம்லருந்து தாழ்வாரத்துக்கு வழிஞ்சு கெடந்ததுல்லா, அந்தப் பாகு. சாக்கடத் தண்ணி கலந்தது. போன வாரம் பின்னால பாவாடத் துணியில வடிகட்டி டிரம்ல ஊத்துனாங்க. நான் பாத்தேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் தேவைப்படவும் இல்லை. வரிசையில் ஒவ்வொருத்தியாகத் திரும்பி அடுத்தவளிடம் சொல்ல, அது பந்தியின் கடைசி வரை போய்ச் சேர்ந்தது. ஒருத்தி இலையிலேயே துப்பினாள். இரண்டு பேர் எழுந்து குழாயடிக்கு ஓடினார்கள். நாலைந்து பேர் என்னையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "காய்ச்சிட்டாவல்லாக்கா?" முந்திரியை மட்டும் தனியாகப் பொறுக்கி வைத்திருந்தாள், கடைசியில் தின்பதற்கு.

வார்டன் வந்தார். தோளில் இன்னும் அந்தத் துண்டு கிடந்தது.

"என்ன சொல்லுதிய பிள்ளையள்கிட்ட?"

"பாத்ததச் சொன்னேன் மேடம். இல்லன்னு நீங்க சொல்லுங்க. இல்லாட்டி ஒரு வாய் சாப்பிடுங்க."

பந்தியில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இலையைப் பார்த்தார். குனியவில்லை.

"ரூம் குடுத்த கைக்கு நல்ல மரியாத செய்யிதிய. சாவிய எடுங்க."

நான் எடுக்கவில்லை. சாவியை அவர் கொடுக்கவில்லை, ஒதுக்கீட்டு ஆணை கொடுத்தது, வேண்டுமானால் ஆணையை ரத்து செய்து காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும் என்றேன். அதற்குள் முதல்வர் வந்துவிட்டார். எழுத்தர் அவர் காதில் என்னவோ சொன்னார். முதல்வரின் முகம் மாறியது.

"பத்திரிகையில இருந்தீங்களாமே?" என்றார். குரல் மிருதுவாகிவிட்டது.

"இருந்தேன் சார். இப்ப இல்ல."

"இருக்கட்டும், இருக்கட்டும். மேடம், நீங்க போங்க. பாயசம் இருக்கா பாருங்க." என்னைத் தனியாகக் கூட்டிப்போய் நிறுத்தினார். "நம்ம காலேஜ். நம்ம வீடு மாதிரி. குழு வார நேரம் வேற. எழுதிராதீங்க. ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க. விடியக்காலம் வெளிய போகணும்னு கேட்டீங்களாம்? கேட் எப்ப வேணாலும் தொறக்கச் சொல்லுதேன். ஒங்களுக்கு மட்டும்."

அவர் சட்டைப் பையில் பொங்கல் நெய் ஒரு சொட்டு ஊறியிருந்தது. முற்றத்தில் குழாயடியில் அந்த முதலாண்டுப் பெண் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். கடற்கரை ஊர்க்காரி அவள் தலையைப் பிடித்திருந்தாள். முதல்வர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு மட்டும் வேண்டாம் சார். ஆய்வு மாணவிகள் எல்லாருக்கும்னு போடுங்க. அந்த டிரம்ம இப்பவே கவுத்தச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"எழுத மாட்டீங்கல்லா?"

"அதுக்கு நான் பதில் சொல்லல சார்."

பதில் சொல்லாததையே அவர் ஒரு மிரட்டலாக எடுத்துக்கொண்டார். கேட்டைத் திறந்துவிடச் சொல்லி அன்றைக்கே ஆணை வந்தது. ஆய்வு மாணவிகள் அனைவருக்கும் என்றுதான் இருந்தது. டிரம்மைக் கவிழ்த்தார்கள், அதுவும் என் கண் முன்னாலேயே, வேண்டுமென்றே மெதுவாக. அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். மூன்று காரியமும் நடந்தன. நியாயத்துக்காக ஒன்றுகூட நடக்கவில்லை. நான் வேலையை விட்ட ஒரு பத்திரிகையின் மேல் இருந்த பயத்துக்காக நடந்தன. அந்தப் பத்திரிகையில் இப்படி ஒரு செய்தியை நான் அனுப்பியிருந்தால், உள்பக்கத்தில் மூன்று வரிக்கு மேல் வந்திருக்காது. அது முதல்வருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எழுதினேன், மனுவாக. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. குழு வந்தது, தாழ்வாரத்தில் நடந்தது, என் அறையை எட்டிப் பார்த்து, வசதியாக இருக்கிறதா என்று கேட்டது. சுவரின் கறையைக் காட்டி, அங்கே என்ன இருந்தது என்று சொன்னேன். ஒருவர் குறித்துக்கொண்டார். இன்னொருவர் சிரித்து, உடன்குடிக் கருப்பட்டி இப்போது அசலாகக் கிடைப்பதில்லை என்றார். வார்டன் வார்டனாகவே இருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்ட்டியளா?" என்று கேட்டார். நான் அந்த விடுதியில் சாப்பிடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, இருட்டோடு எழுந்தேன். உள்ளங்காலில் தரை ஒட்டியது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். முன்பு மழையில் என்னை வெளியே நிறுத்தியவர்தான். "வணக்கம் மேடம்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார், பல்லைக் காட்டிக்கொண்டு. உட்காருங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கடற்கரையில் படகுகள் வந்துகொண்டிருந்தன. மணலில் மீனைக் குவித்துப் போட்டிருந்தார்கள், இன்னும் ஏலம் கூறவில்லை. பெண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு குவியலைச் சுற்றி நின்றார்கள். நெத்திலிக் குவியல் ஒன்றின் பக்கத்தில் நின்ற ஒருத்தி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருளா நீ? புதுசா இருக்க. வாங்க வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?"

"கேட்டு எழுத வந்தேன்க்கா."

"அப்பம் தள்ளி நின்னு கேளு. ஏலம் தொடங்கப் போவுது, கால மிதிச்சிருவாளுவ."

நான் தள்ளி நின்றேன்.